இந்தியக் கைத்துணி வரலாறு – 7: சோழமண்டலத்துச் சீட்டி

பருத்தித் துணியில் கையால் சித்திரம் எழுதி, அந்தச் சித்திரத்துக்குள் சாயத்தை ஊன்றச் செய்யும் தொழில் சோழமண்டலக் கரையில் பல நூற்றாண்டுகள் தழைத்தது. இவ்வாறு எழுதிய துணியும் அச்சுக்கட்டையால் பதித்த துணியும் வணிகத்தில் சீட்டி எனப்பட்டன. கோல்கொண்டாவின் பாரசீகப் பண்பாட்டுச் சூழலில் எழுதிய துணிக்குக் கலம்காரி என்ற பெயர் நிலைத்தது. மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நீண்ட இக்கரையின் துணியை ஈரான், சயாம், சாவகம், ஜப்பான், ஒல்லாந்து, இங்கிலாந்து, பிரான்சு ஆகிய நாடுகள் தேடி வாங்கின. சித்திரத்தின் அழகு இதற்கு ஒரு காரணம். துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் நிறம் ஓடாமல் நின்றது முதன்மையான காரணம்.

பட்டும் கம்பளியும் விலங்கிலிருந்து கிடைக்கும் புரத இழைகள். சாயத்தை எளிதில் ஏற்பவை. பருத்தி செல்லுலோசால் ஆனது. பெரும்பாலான செடிச் சாயங்கள் அதில் தாமாகப் பிடிப்பதில்லை. இழைக்கும் சாயத்துக்கும் இடையே பாலமாக ஓர் உலோக உப்பு வேண்டும். நிறமூன்றி என வேதியியல் குறிப்பிடும் பொருள் இதுவே. மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலம் ஒன்றில் ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணுக்கில் மஞ்சிட்டி வகைச் சாயம் காணப்பட்டது. நிறமூன்றியின் பயனை இந்தியச் சாயக்காரர்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. ஐரோப்பாவின் சாயத்தொழில் கம்பளியைச் சுற்றி வளர்ந்தது. பருத்தியில் நிலையான பல நிறங்களை ஏற்றும் முறை 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அங்கு எவர் கைக்கும் வரவில்லை.

வேரும் மண்ணும்

சோழமண்டலச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்றும் பெயருள்ள இச்சிறு செடி கடலோர மணற்பாங்கில் தானாக முளைக்கும். தரைக்கு மேலே தெரியும் பகுதி ஒரு சாணைத் தாண்டுவது அரிது. வேரோ நூல்போல் மெலிந்து ஆழமாக இறங்கும். சாயம் வேரின் பட்டையில் இருக்கிறது. விதைத்து வளர்த்த செடியின் வேர் நீளமானது. காட்டுச் செடியின் வேர் குட்டையானாலும் அதில் சாயம் மிகுதி. ஆகவே காட்டு வேருக்கே மதிப்பு அதிகம்.

சாயவேரின் நிறப்பொருள் அலிசரின். ஐரோப்பாவில் பயன்பட்ட மஞ்சிட்டி இனச் செடியிலும் அலிசரின் உண்டு. ஆனால் அதில் பர்ப்பூரின் என்ற மற்றொரு நிறப்பொருளும் கலந்திருப்பதால் சிவப்பில் ஆரஞ்சுச் சாயல் தட்டும். சாயவேரில் பர்ப்பூரின் இல்லாததால் நிறம் தெளிவாக அமைந்தது. படிகாரத்தின் அலுமினியம், சுண்ணத்தின் கால்சியம், வேரின் அலிசரின் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் உறுதியான சிவப்பு உண்டாகிறது. கிளிஞ்சல் கலந்த கடலோர மண்ணில் விளைந்த வேருக்குத் தனிப் பெயர் இருந்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும். கிருஷ்ணை ஆற்றின் கழிமுகப் பகுதி அவ்வகையில் புகழ்பெற்றது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் கிடைத்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், வேர் தோண்டும் உரிமையைத் தங்கள் கும்பினியின் தனியுரிமையாக வைத்துக்கொண்டனர். வேர் தோண்டுவது அங்குக் குறிப்பிட்ட சாதியார் செய்தாக வேண்டிய ஊழியமாக இருந்தது.

ஒரு துணி உருவாகும் முறை

சீட்டி எழுதும் முறையை 18 ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர் படிப்படியாகப் பதிவு செய்துள்ளனர். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை வரிசை ஒன்றே.

தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியை முதலில் அரைகுறையாக வெளுப்பார்கள். பின் கடுக்காய்ப் பொடி கரைத்த எருமைப்பாலில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள் உலோக உப்பை இழையோடு பிணைக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் கரைசல் இழைகளில் பரவிக் கோடு கலையாமல் தடுக்கும். உலர்ந்த துணியை மரக்கட்டையால் தட்டித் தட்டி வழவழப்பாக்கிய பின்னரே எழுதுகோல் அதன்மேல் ஓடும்.

சித்திரத்தின் மாதிரி காகிதத்தில் வரைந்து, கோடுகளின் மீது ஊசியால் நெருக்கமாகத் துளையிடப்பட்டிருக்கும். காகிதத்தைத் துணிமேல் விரித்துக் கரிப்பொடி கட்டிய துணிமூட்டையால் ஒற்றினால் துளைகள் வழியே கரி இறங்கிக் கோட்டின் சுவடு விழும். சுவட்டைப் பின்பற்றி எழுத்துக்காரர் எழுதுவார். எழுதுகோல் கூராகச் சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ முடியோ துணியோ உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டியிருக்கும். கரைசலில் தோய்த்து எடுத்த உருண்டையை விரல்களால் மெல்ல அழுத்தினால் நுனிக்குத் திரவம் இறங்கும். அழுத்தத்தின் அளவே கோட்டின் பருமன்.

கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லமும் தண்ணீரும் சேர்த்துப் பானையில் பல நாள் புளிக்கவிட்டு வடித்தெடுப்பார்கள். கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் அது கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். படிகாரத்துக்கு நிறமில்லை, எழுதிய இடம் கண்ணுக்குத் தெரிய அதில் பதிமுகக் கட்டையின் சாற்றைச் சிறிது கலப்பது வழக்கம். கரைசலை நீர்க்கச் செய்தால் இளஞ்சிவப்பு, அடர்த்தியாக வைத்தால் கருஞ்சிவப்பு, இரும்பும் படிகாரமும் கலந்தால் ஊதா. ஒரே வேரின் சாயத்தில் தோய்த்த ஒரு துணியில் இத்தனை நிறங்களும் ஒருங்கே தோன்றியதற்கு எழுதிய கரைசல்களின் வேறுபாடே காரணம்.

எழுதி உலர்ந்த துணியை ஓடும் நீரில் அலசி, ஒட்டாமல் நின்ற உப்பை நீக்குவார்கள். இந்த அலசலில் பிழை நேர்ந்தால் கரைசல் வெற்றிடத்தில் படிந்து சித்திரம் கெடும். அதன்பின் சாயவேர்த் தூள் இட்ட நீரில் துணியை மெல்லக் காய்ச்சுவார்கள். துணி முழுதும் சிவந்து வெளிவரும். ஆனால் எழுதிய இடத்தில் மட்டுமே சாயம் ஊன்றியிருக்கும். ஆட்டுப் புழுக்கையோ மாட்டுச் சாணமோ கரைத்த நீரில் ஊறவைத்து, புல்தரையிலோ மணலிலோ விரித்து, நீர் தெளித்துத் தெளித்து வெயிலில் போட்டால் மற்ற இடங்களின் சிவப்பு சில நாளில் வெளுத்துவிடும். சித்திரம் மட்டும் நிற்கும்.

நீலத்துக்கு வேறு முறை. அவுரி நீருக்குள் கரையாத நீலம். கரைய வேண்டுமானால் தொட்டியில் புளிக்க வேண்டும். சுண்ணாம்பும் உவர்மண்ணும் தகரை விதையின் கஷாயமும் சேர்த்து அவுரித் தொட்டியைப் பக்குவப்படுத்தினர். தொட்டிக்குள் துணியை முழுதாகத் தோய்ப்பதால் நீலம் கூடாத இடங்கள் எல்லாவற்றையும் மெழுகால் மூடவேண்டும். உருகிய தேன்மெழுகை எழுத, முடிப்பந்து கட்டிய இரும்பு எழுதுகோல் பயன்பட்டது. வெள்ளைத் தரையில் சில நீலப் பூக்கள் மட்டும் உள்ள துணி என்றால் ஏறக்குறையத் துணி முழுவதையும் இருபுறமும் மெழுகு மூடியிருக்கும். தோய்த்து எடுத்த பின் கொதிநீரில் மெழுகைக் களைந்து, மறுபடி வெளுத்து, மறுபடி கடுக்காய்ப் பாலில் இட்டுச் சிவப்பின் நுணுக்கங்களை எழுதத் தொடங்குவார்கள்.

மஞ்சள் கடைசியில். கடுக்காய்ப்பூ, மாதுளைத் தோடு போன்றவற்றின் சாறு தூரிகையால் பூசப்பட்டது. நீலத்தின் மேல் மஞ்சள் பட்டால் பச்சை. இத்தொழிலில் நிலைக்காத நிறம் மஞ்சள் ஒன்றுதான். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டிகளில் இலைகள் நீலமாகத் தெரிவதற்கு, மேலே பூசிய மஞ்சள் மங்கிப்போனதே காரணம்.

பல கைகள்

ஒரு கட்டில் விரிப்பு முடிய வாரங்களும் மாதங்களும் ஆயின. ஒல்லாந்தக் கும்பினியில் பணியாற்றிய டேனியல் ஹாவார்ட் 1693 இல் வெளியிட்ட நூலில், இவ்வேலை நத்தை ஊர்வதுபோல் நகர்வதாகவும், பொறுமைக்கு உருவம் எழுத விரும்புவோர் பாலக்கொல்லுவின் சீட்டி எழுத்துக்காரரைப் பார்த்து எழுதினால் போதும் என்றும் கருத்துத் தெரிவித்தார்.

எழுத்துக்காரர் தனியாக இதைச் செய்து முடிக்க முடியாது. நூற்பவர், நெய்பவர், வேர் தோண்டுபவர், வெளுப்பவர், மாதிரி வரைபவர், மெழுகு இடுபவர், நீலத் தொட்டி வைத்திருப்பவர், சாயவேர் காய்ச்சுபவர் எனத் தொழில் பலரிடம் பிரிந்திருந்தது. நீலம் தோய்ப்பது பெரும்பாலும் தனித் தொழிலாளரின் வேலை. மெழுகிட்ட துணி அவரிடம் சென்று திரும்பும். ஒருவரின் பக்குவம் தவறினால் மற்றவர்களின் உழைப்பும் வீணாகும். ஆகவே இத்தொழில் ஒற்றைப் பட்டறைகளாக அன்றி, நல்ல நீரும் வேரும் துறைமுகமும் அருகமைந்த ஊர்களில் கூட்டமாக வளர்ந்தது.

அவர்களை உலகச் சந்தையோடு இணைத்தது முன்பண முறை. வணிகர் பருவத் தொடக்கத்தில் முன்பணம் கொடுத்து, கப்பல் புறப்படும் முன் துணியைப் பெற்றுக்கொள்வார். கும்பினிகள் நேரடியாகத் தொழிலாளரிடம் செல்வதில்லை; உள்ளூர் பெருவணிகர் வழியே ஒப்பந்தம் செய்தன. சென்னையில் ஆங்கிலக் கும்பினியின் தலைமை வணிகராக இருந்து 1680 இல் காலமான காசி வீரண்ணா அவர்களில் முதன்மையானவர். முன்பணம் தொழிலாளருக்கு அரிசிக்கும் மூலப்பொருளுக்கும் உதவியது. அதுவே அடுத்த பருவத்தையும் அதே வணிகருக்கு அடகு வைத்தது. பஞ்சத்தில் அரிசி விலை ஏறினாலும் ஒப்பந்த விலை ஏறாது. வாங்குவோர் பலர் போட்டியிட்ட காலத்தில் தொழிலாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு வணிகரிடம் செல்ல முடிந்தது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரே கும்பினி ஆட்சியாளராகவும் ஆனபோது அந்த வாய்ப்பு சுருங்கியது.

கோல்கொண்டாவும் கிழக்குத் தீவுகளும்

கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி அரசர்கள் ஷியா பிரிவினர். ஈரானுடன் நெருங்கிய உறவு கொண்டவர்கள். அவர்களின் துறைமுகமான மசூலிப்பட்டினத்திலிருந்து தொழுகை விரிப்புகள், திரைகள், சதுர உறைகள் ஈரானுக்குச் சென்றன. 1640 களைச் சேர்ந்த உறைகளில் பாரசீக உடையணிந்த மாந்தர், வேட்டை, மது விருந்து ஆகியவை நெருக்கமாக எழுதப்பட்டுள்ளன. இவற்றுள் சில ஜெய்ப்பூர் அருகே உள்ள அம்பர் அரண்மனையின் சரக்கறை முத்திரையுடன் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. ஔரங்கசீப்பின் கூடாரத்தின் உட்புறம் மசூலிப்பட்டினத்தில் எழுதிய பூத்துணியால் அமைந்திருந்ததைப் பிரெஞ்சுப் பயணி பெர்னியே கண்டு எழுதினார். மசூலிப்பட்டினத்தின் எழுதிய துணி மிக உயர்ந்தது என்றும், தேவைக்கு ஈடாக உற்பத்தி இல்லை என்றும் மற்றொரு பிரெஞ்சுப் பயணி தவெர்னியே குறிப்பிட்டார். 1618 முதல் 1622 வரை அங்கிருந்த ஆங்கில வணிகர் மெத்வோல்ட், துணி கிழிந்தாலும் மாறாத சிவப்புக்குச் சாயவேரே காரணம் என்பதை அறிந்திருந்தார்.

தெற்கே நாயக்கர் ஆட்சிப் பகுதியில் வேறு மரபு. புரூக்லின் அருங்காட்சியகத்தில் உள்ள, 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஏழு பகுதிகள் கொண்ட திரைச்சீலையில் இந்திய அவைகள், ஐரோப்பியர், தென்கிழக்காசியர் எனப் பலவகை மக்கள் வளைவுகளின் கீழ் நிற்கின்றனர். துறைமுகத்துக்கு வந்துபோனவர்களை எழுத்துக்காரர் எவ்வளவு கூர்ந்து கவனித்தனர் என்பதற்கு அது சான்று.

கிழக்கே சென்ற துணி அலங்காரப் பொருள் மட்டும் அன்று, நாணயமாகவும் இயங்கியது. மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் பண்டாவின் சாதிக்காயையும் வாங்க அங்கு வெள்ளியைவிடத் துணி பயன்பட்டது. போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பே மலாக்காவில் சோழமண்டல வணிகர் இத்துணியை விற்றுவந்தனர். சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைப் புனிதச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகப் பேணிச் சடங்குகளில் மட்டும் வெளியே எடுத்தனர். சயாமின் அயுத்தியா அரசவை தனக்குரிய வடிவங்களை அனுப்பித் துணி எழுதச் செய்தது. தீப்பிழம்பு போன்ற ஓரக்கோலமும் தெய்வ உருவமும் கொண்ட அத்துணியை அவையினர் உடுத்தினர். ஜப்பானில் சராசா என வழங்கிய சீட்டித் துண்டுகள் தேநீர்ச் சடங்கின் விலையுயர்ந்த பாத்திரங்களைப் பொதியப் பயன்பட்டன. எழுத்துக்காரர் ஒருபோதும் பார்த்திராத இத்தனை நாடுகளின் விருப்பத்தையும் மாதிரித் தாள்களைக் கொண்டே நிறைவேற்றினர்.

கும்பினிகளின் வருகை

வாசனைப் பொருளுக்காக வந்த ஐரோப்பியக் கும்பினிகள் துணிக்காகவே இக்கரையில் பண்டகசாலை வைத்தன. ஒல்லாந்தர் மசூலிப்பட்டினத்துக்குப் பின் 1610 இல் பழவேற்காட்டில் இடம் பெற்றனர். ஆங்கிலேயர் 1611 இல் மசூலிப்பட்டினம் வந்தனர். டேனியர் 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றனர். 1639 இல் ஆங்கிலக் கும்பினியின் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையைத் தேர்ந்ததற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, துணி அங்குப் பிற இடங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு மலிவு என்பது. சலவைக்காரர் குடியேறிய வண்ணாரப்பேட்டையும், 1730 களில் நெசவாளருக்காக அமைந்த சிந்தாதிரிப்பேட்டையும் அந்தத் துணி வணிகத்தின் தடங்கள்.

கும்பினிகள் வாங்குவோராக மட்டும் நிற்கவில்லை, வடிவத்திலும் தலையிட்டன. அடர்சிவப்புத் தரை இலண்டனில் விலைபோகவில்லை. 1643 இல் ஆங்கிலக் கும்பினியின் இயக்குநர்கள் வெள்ளைத் தரையில் நிறப்பூக்கள் வேண்டும் என்று எழுதினர். 1660 களில் இங்கிலாந்திலிருந்து மாதிரிகளும் வந்தன. இதன் விளைவே உயிர்மரம் எழுதிய பெரிய கட்டில் விரிப்பு. பாறைக் குன்றிலிருந்து வளைந்தெழும் மரம், ஒரே கிளையில் பலவகைப் பூ, சீன மூங்கில், ஐரோப்பியத் தையல் வேலையின் இலை, பாரசீகச் சுருள்கொடி ஆகிய அனைத்தும் சேர்ந்த அந்த வடிவத்துக்கு எந்த ஒரு நாட்டையும் மூலமாகச் சொல்ல இயலாது.

தடையும் கலகமும்

17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீட்டி ஐரோப்பாவில் மேன்மக்களின் படுக்கையறையிலிருந்து வேலைக்காரப் பெண்களின் பாவாடை வரை பரவியது. துவைக்கலாம், இலேசானது, நிறம் போகாது. கம்பளி, பட்டு நெசவாளர் இதனால் வேலை இழப்பதாக முறையிட்டனர். பிரான்சு 1686 இல் இறக்குமதியையும் உள்நாட்டில் அச்சிடுவதையும் ஒருங்கே தடை செய்தது. இங்கிலாந்து 1700 இல் இயற்றிய சட்டத்தால் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கான அச்சு, சாயத் துணிகளின் இறக்குமதியைத் தடுத்தது. வெள்ளைத் துணியை இறக்குமதி செய்து இலண்டனில் அச்சிடுவோர் பெருகவே, 1719 இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர் தெருவில் இறங்கினர். சீட்டி அணிந்த பெண்களின் உடையைக் கிழித்தனர். 1721 இன் சட்டம் அச்சுப் பருத்தியை உடுத்துவதையே குற்றமாக்கியது.

ஒல்லாந்தில் தடை வரவில்லை. ஃப்ரீஸ்லாந்தின் ஹிண்டலோப்பன் ஊர்ப் பெண்களின் மரபுடையில் சோழமண்டலச் சீட்டி நிலைபெற்றது. மறு ஏற்றுமதிக்கும் தடை இல்லாததால் இங்கிலாந்துக் கிடங்குகளின் வழியே துணி அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்றது, கடத்தலும் பெருகியது. ஆனால் தடைக்காலத்தின் பெரிய விளைவு வேறு. இந்தியத் துணியின் போட்டி குறைந்த சந்தையில் ஐரோப்பிய அச்சுத்தொழில் கற்றுக்கொள்ளக் காலம் கிடைத்தது. பிரான்சு 1759 இலும் இங்கிலாந்து 1774 இலும் தடையைத் தளர்த்தியபோது உள்நாட்டில் அச்சிடுவோர் ஆயத்தமாக இருந்தனர்.

எழுதி எடுத்த அறிவு

சாய அறிவு சோழமண்டலத்தில் ஏட்டில் எழுதி வைத்த அறிவு அன்று. தந்தையின் அருகில் அமர்ந்து மகன் கற்றது. சாயக்காரர் கரைசலின் பக்குவத்தை நாவால் சுவைத்தும், தொட்டியின் புளிப்பை முகர்ந்தும், நீரின் தன்மையை ஊருக்கு ஊர் பிரித்தும் அறிந்தனர். அதைத் தாளுக்குக் கொண்டுவர ஐரோப்பியர் முயன்றனர்.

1734 வாக்கில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியூ, வேதியியலாளர் து ஃபேயின் வேண்டுகோளுக்கிணங்கப் புதுச்சேரியில் ஒரு துணி எழுதப்படுவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்டார். ஒவ்வொரு படியிலும் துணியின் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு இணைத்தார். பதினொரு துண்டுகள் கொண்ட அக்கையெழுத்துப்படி பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. 1742 இல் இயேசு சபைப் பாதிரியார் கெர்தூ, கிறித்தவம் தழுவிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறையை நீண்ட கடிதமாக எழுதினார்; அது சபையின் கடிதத் தொகுதியில் அச்சாகி ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் சாயவேர்ச் செடியையும் சாயமிடும் முறையையும் சோழமண்டலச் செடிகள் பற்றிய தமது நூலில் விவரித்தார்.

அறிவு கைமாறியபோது தொழில்முறையும் மாறியது. கடுக்காய்ப் பாலுக்குப் பதிலாக ஐரோப்பியர் நிறமூன்றியில் பிசினைக் கலந்து கெட்டியாக்கினர். அப்போது மரக்கட்டையால் வேகமாக அச்சிட முடிந்தது. அவுரியை அரிதாரத்தோடு சேர்த்துக் கரைத்துத் தூரிகையால் நேரே பூசக் கற்றதும் மெழுகு வேலை தேவையற்றுப் போனது. 1760 இல் ஓபர்காம்ப் பாரிசுக்கு அருகே ஷூயி ஊரில் அச்சுத் தொழிற்சாலை தொடங்கினார். 1783 இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்கு உரிமம் பெற்றார். சோழமண்டலத்தில் மாதக்கணக்கில் முடிந்த வேலையின் சாயலை உருளை சில நிமிடங்களில் மீட்டர் மீட்டராகப் பதித்தது.

வீழ்ச்சி

அயுத்தியா 1767 இல் அழிந்ததோடு சயாம் அவையின் பெரிய வாடிக்கை குறைந்தது. 19 ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டரின் அச்சுத்துணி இந்தியச் சந்தைக்கே வந்தது. 1866 இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் எழுநூறு இந்தியத் துணி மாதிரிகளைப் பதினெட்டுத் தொகுதிகளாகத் தொகுத்து ஆங்கிலத் தொழில் நகரங்களுக்கு வழங்கினார். இந்தியர் விரும்பும் துணியை இங்கிலாந்தில் செய்ய அது கையேடு ஆனது. தொழிலின் மையத்தை இயற்கையும் தாக்கியிருந்தது: 1864 நவம்பர் 1 அன்று வீசிய புயலில் மசூலிப்பட்டினமும் சுற்றுப்புறமும் சுமார் 30,000 பேரை இழந்தன.

இறுதி அடி வேதியியலிடமிருந்து வந்தது. 1868 இல் ஜெர்மானியர் கிரேபும் லீபர்மானும் அலிசரினைத் தொகுத்தனர். சில ஆண்டுகளில் அது தொழிற்சாலைப் பொருளானது. 1897 இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. நிறமூன்றியும் வேரும் நீரும் வெயிலும் சேர்ந்து தந்த சிவப்பு இப்போது டப்பாவில் கிடைத்தது. வேர் தோண்டும் தொழில் மறைந்தது. சென்னை மாகாணத்தில் எஞ்சியிருந்த சாயப் பட்டறைகளை 1897 இல் எட்கர் தர்ஸ்டனும் 1917 இல் ஹாடவேயும் ஆவணப்படுத்தியபோது, பெரும்பாலான ஊர்களில் முதியோர் சிலரே எஞ்சியிருந்தனர்.

கருப்பூரும் சிக்கநாயக்கன்பேட்டையும்

ஏற்றுமதியை நம்பாமல் அரண்மனையையும் கோயிலையும் நம்பி வாழ்ந்த மரபுகளின் கதை வேறு. கொள்ளிடக் கரையில் உள்ள கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரசர்களுக்காகச் சேலையும் தலைப்பாகையும் உருவாயின. பருத்தித் தறியிலேயே சரிகைக் கோலத்தைக் கையால் கோத்து நெய்து, பின் மெழுகால் எழுதிச் சிவப்பும் நீலமும் ஏற்றினார்கள். நெசவு, எழுத்து, சாயம் ஆகிய மூன்றும் ஒரே துணியில் சேர்வது அரிது. சிவந்த தரையின் அடியில் சரிகை செம்புபோல் மின்னும். 1855 இல் அரசர் சிவாஜி ஆண் வாரிசின்றிக் காலமானார். கும்பினி அரசை இணைத்துக்கொண்டது. வாங்குவோர் அந்த ஓர் அரண்மனைதான் என்பதால் 19 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சேலையும் மறைந்தது.

அதே வட்டாரத்தின் கோயில் துணி மறையவில்லை. சிக்கநாயக்கன்பேட்டை, திருப்பனந்தாள் பகுதிகளில் தேர்ச்சீலை, தொம்பை, விதானம், வாசல்மாலை ஆகியவற்றை எழுதும் குடும்பங்கள் தொடர்ந்தன. திருவிழா நின்றுவிடாததால் அவர்களின் வேலையும் நிற்கவில்லை. கருப்பூர் கலம்காரி ஓவியங்கள் 2021 இல் புவிசார் குறியீடு பெற்றன.

காளஹஸ்தியும் பெடனாவும்

ஆந்திரத்தில் இரு கிளைகள் எஞ்சின. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தி கோயில் மரபைச் சார்ந்தது. நடுவில் பட்டாபிஷேகமும் சுற்றிலும் வரிசை வரிசையாக இராமாயண நிகழ்ச்சிகளும், ஒவ்வொன்றின் கீழும் தெலுங்கு விளக்கமும் கொண்ட பெரிய திரைகள் அங்கு எழுதப்பட்டன. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குத் தொழில் அறிந்தோர் மிகச் சிலரே. கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் அனைத்திந்தியக் கைவினை வாரியம் 1950 களின் பிற்பகுதியில் பயிற்சி மையம் தொடங்கியது. அங்கு உருவானவர்களுள் ஒருவரான ஜொன்னலகட்டா குரப்பச் செட்டி 2008 இல் பத்மஸ்ரீ பெற்றார். பயிற்சி மையம் தொழிலின் சமூக அமைப்பையும் மாற்றியது: பரம்பரையாக எழுதாத குடும்பங்களும் பெண்களும் எழுதுகோல் பிடித்தனர்.

மற்றொரு கிளை மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனா. ஈரானியச் சந்தைக்காக அங்கு எழுதுகோலுக்குப் பதில் மரக்கட்டை அச்சு வேரூன்றியிருந்தது. தேக்கில் செதுக்கிய அச்சுகளால் கோட்டையும் நிறத்தையும் தனித்தனியே பதிப்பார்கள். ஈரான் சந்தை 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடைபட்ட பின், விடுதலைக்குப் பின்வந்த கைத்தறிக் கடைகளும் நகரத்து வாங்குவோரும் அத்தொழிலைத் தாங்கினர்.

இன்று இரண்டு ஊர்களிலும் கடுக்காய்ப் பாலும் இரும்புக் கரைசலும் படிகாரமும் தொடர்கின்றன. சாயவேரின் இடத்தில் வேறு வேரும் பட்டையும், பெடனாவில் செயற்கை அலிசரினும் வந்துவிட்டன. மெழுகிட்டு அவுரித் தொட்டியில் தோய்க்கும் முறை பெரும்பாலும் கைவிடப்பட்டு, நீலம் நேரே பூசப்படுகிறது. கலம்காரி வடிவத்தைத் திரை அச்சில் பதித்த மலிவுத் துணி அதே பெயரில் விற்கப்படுவது இத்தொழிலாளரின் இன்றைய முதல் நெருக்கடி. கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. விலை வேறுபாட்டுக்கான காரணம் சித்திரத்தில் இல்லை. பாலில் ஊறி, ஆற்றில் அலசி, வேரில் கொதித்து, வெயிலில் வெளுத்த அந்தப் படிகளில் இருக்கிறது. புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கிறது. படிகளைக் காப்பது அவற்றுக்குரிய கூலியைக் கொடுத்து வாங்குவோரின் கையில் உள்ளது.

(தொடரும்)